காருக்கும் ஒரு கார்காலம்

ஆண்டுக்குப் பெரும் பொழுதுகள் ஆறு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அவற்றில் 'கார்' என்பது ஆவணியும் புரட்டாசியும். ஆனால் சென்னைவாசிகளைக் கேட்டுப் பாருங்கள். "எங்கள் ஊருக்குக் கார்காலம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும்தான் வருகிறது" என்பார்கள்.

பனிக்கட்டி விழுகிற தேசங்களில் குளிர்காலம் வந்துவிட்டால் காலையில் மோட்டார் கிளம்பாது. கணப்புக்கும் கம்பளிக்கும் பணம் கரையும். நமக்குப் பனிக்கட்டியும் இல்லை, கணப்பும் இல்லை. ஆனால் வண்டி கிளம்பாத காலை நமக்கும் உண்டு. வீட்டுச் செலவு கைமீறிப் போகிற மாதமும் உண்டு. மார்கழிக் கோலத்துக்கு இழை கூட்டத் தொடங்கும் முன்பே, மழைத் தண்ணீர் வாசலைக் கழுவிவிட்டுப் போகிற மாதம் அது!

"கார் சமாசாரமெல்லாம் எங்கள் வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார், எனக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டப் பார்க்கிறீர்களா? சற்றுப் பொறுங்கள். வண்டியை ஓட்டுவது யாராக இருந்தாலும், அது கெட்டுப்போனால் அந்தச் செலவு வந்து விழுகிற இடம் உங்கள் கணக்கு நோட்டுதான். அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

வண்டிகள் பிறந்த ஊர்

வடசென்னைக்கும் மோட்டாருக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதல்ல. 1948-ல் ஆரம்பமான அசோக் மோட்டார்ஸ் கம்பெனி, எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி ஊருக்கு அனுப்பியது. அதுவே 1955-ல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறி, லாரிக்கும் பஸ்ஸுக்கும் பேர் போனதாயிற்று. திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் தயாரானது. இராயபுரத்திலோ 1856-லேயே ரயில் ஓடியாயிற்று. சக்கரத்தை நம்பி வாழ்ந்த பூமி என்றால் அது மிகையாகாது.

அப்பேர்ப்பட்ட இடத்தில், 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் 'மிக்ஜாம்' புயல் கொட்டிய மழையில் கார்களும் ஆட்டோக்களும் தண்ணீரில் முழுகி நின்றன. புயல் என்னவோ 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம்தான் கரையேறியது. ஆனால் அது போகிற போக்கில் சென்னைக்குக் கொடுத்துவிட்டுப் போன தண்ணீர், தாழ்வான பல தெருக்களில் நாட்கணக்கில் வடியவில்லை. போதாக்குறைக்கு, மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வெள்ளத்தோடு கலந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. எர்ணாவூர்ப் பக்கத்தில் வீட்டுச் சுவரில் கறுப்பாய்ப் படிந்தது. மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் அப்பிக்கொண்டது. படகுதானே மீனவர் வீட்டுக்குக் கார்! அது கரையில் கிடந்தால் அங்கே உலை கொதிக்காது.

இரண்டு வீடுகள்

திருவொற்றியூரில் தேரடிக்குச் சமீபத்தில் ஒரு தெரு. எதிரெதிரே இரண்டு வீடுகள். ஒரு வீட்டில், கடனில் வாங்கிய காரை வாடகைக்கு ஓட்டிச் சம்பாதிக்கிற இளைஞர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு குழந்தைகள். எதிர் வீட்டில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவரும் அவர் மனைவியும். அவர்களிடமும் பழைய கார் ஒன்று இருந்தது. கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வர அது போதும்.

அன்றிரவு இரண்டு கார்களையும் ஒரே தண்ணீர்தான் முழுக்கியது. மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. இளைஞர் கதவைத் திறந்தார். ஸீட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. தவணை கட்ட வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்று நாளாகச் சவாரி இல்லை. 'கிளம்பினால் போதும் சாமி' என்று சாவியைத் திருகினார். ஒரு முறை உறுமியது. இரண்டாவது முறை 'டக்' என்று ஒரு சப்தம். அவ்வளவுதான்.

"அந்தச் சத்தம் இன்னும் என் காதிலேயே இருக்கும்மா. அவரு அவசரப்பட்டது காருக்காக இல்லை, தவணைக்காக" என்றார் அந்தப் பெண்.

எதிர் வீட்டு அம்மாளிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

"எங்க வீட்டுக்காரரும் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கத்தான் துடிச்சாரு. 2015 வெள்ளத்துல என் தம்பி அப்படித்தான் திருகி, இன்ஜினையே மாத்தினான். அந்த ஞாபகம் எனக்கு. சாவியை எடுத்து அரிசி டின்னுக்குள்ள புதைச்சுட்டேன். ரெண்டு நாள் வீடு பூரா தேடினாரு. மெக்கானிக் வந்த பிறகுதான் எடுத்துக் குடுத்தேன்!"

பெரியவர் வீட்டுக் கார், எண்ணெயும் வடிகட்டிகளும் மாற்றிச் சுத்தம் செய்த செலவோடு பிழைத்தது. இளைஞர் வீட்டுச் செலவோ லட்சத்தைத் தாண்டியது.

சாவியில் என்ன இருக்கிறது?

ஒரு சாவித் திருகலில் அப்படி என்ன வந்துவிடும் என்று கேட்பீர்கள். சமையலறை உதாரணமே போதும். காலியான பிளாஸ்டிக் பாட்டிலை மூடிவிட்டு அமுக்குங்கள். உள்ளே இருக்கும் காற்று சுருங்கி இடம் கொடுக்கும். அதையே தண்ணீர் நிரப்பி அமுக்குங்கள்; இம்மியும் அசையாது. காரின் சிலிண்டருக்குள்ளும் இதே கதைதான். அங்கே பிஸ்டன் மேலேறி வந்து காற்றை அமுக்க வேண்டும். காற்று போகும் வழியாகத் தண்ணீர் புகுந்திருந்தால், அது அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாவியைத் திருகாதவரை உள்ளே இருப்பது வெறும் தண்ணீர். திருகிவிட்டாலோ அது சம்மட்டி!

ஆகவே காருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் செய்ய வேண்டியவை இவை:

முதலாவது, சாவியைத் தொடாதீர்கள். தெரிந்தவர்களைக் கொண்டு பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றிவிடச் சொல்லுங்கள். மின்சாரக் கார் என்றால் எதையும் தொடாமல் கம்பெனி ஆட்களையே வரவழைக்க வேண்டும்.

இரண்டாவது, தண்ணீர் எதுவரை நின்றது என்ற கறை தெரியும்படி உள்ளும் புறமும் படம் எடுத்து வையுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று முதலிலேயே கறையைத் துடைத்துவிடாதீர்கள்.

மூன்றாவது, இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தகவல் கொடுத்து, அதற்கான எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய சர்வேயர் பார்க்கும் முன்பு மெக்கானிக்கை எதையும் பிரிக்க விடாதீர்கள்.

நான்காவது, வண்டியை ஓட்டிக்கொண்டு போகாமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றி அனுப்புங்கள். என்ஜின் ஆயில் பார்க்கும் குச்சியை இழுத்துப் பார்த்தால், எண்ணெய் காபி போல வெளுத்துக் கலங்கியிருக்கும். அப்படியானால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

வழியில் மழை பிடித்துக்கொண்டால்? சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கிற தெருவில் இறங்காமலிருப்பதே உத்தமம். எண்ணூர் நெடுஞ்சாலையில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரி பக்கத்தில் வரும்போது, அது தள்ளுகிற அலை உங்கள் காரின் மூக்குக்குள்ளேயே ஏறிவிடும். லாரியை முன்னே விட்டுவிட்டு நிதானமாய், முதல் கியரில், ஒரே சீராகப் போங்கள். நடுவில் நின்றுவிட்டால் மறுபடி கிளப்பிப் பார்க்காதீர்கள்.

பீரோவில் இருக்கும் காகிதம்

இளைஞர் வீட்டில் இன்ஷ்யூரன்ஸ் இல்லையா? இருந்தது. அங்கேதான் இரண்டாவது பாடம். கம்பெனிக்காரர்கள் ஸீட்டுக்கும் மின்சாரச் சாமான்களுக்கும் ஒரு தொகை கொடுத்தார்கள். "தண்ணீரோடு கிளப்பியதால் கெட்ட இன்ஜினுக்கு இந்தப் பாலிஸியில் இடமில்லை" என்று கை விரித்துவிட்டார்கள்.

இன்று மாலை காபி ஆனதும், பீரோவிலிருந்து உங்கள் வீட்டுப் பாலிஸியை எடுத்துப் பாருங்கள். 'தேர்ட் பார்ட்டி' மட்டும் என்றால் அது சட்டத்துக்காகக் கட்டியது; உங்களால் பிறருக்கு நேரும் நஷ்டத்துக்குத்தான் உதவும். வெள்ளத்தில் முழுகிய உங்கள் காருக்குச் சல்லிக்காசு வராது. 'ஓன் டேமேஜ்' என்ற பகுதி இருந்தால்தான் வெள்ள நஷ்டம் கிடைக்கும். 2018 செப்டம்பர் முதல் புதிய சொந்தக் கார்களுக்குத் தேர்ட் பார்ட்டி பாலிஸியை மூன்று வருஷத்துக்குச் சேர்த்தே எடுக்கவேண்டியிருக்கிறது. 'மூன்று வருஷம் கவலையில்லை' என்று இருந்துவிடுகிறோம். ஓன் டேமேஜ் ஒரு வருஷத்திலேயே முடிந்துபோயிருக்கக் கூடும்! தேதியைப் பாருங்கள்.

அடுத்து, 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு இருக்கிறதா? தனியாகக் கொஞ்சம் பணம் கட்ட வேண்டும். தாழ்வான தெருவில் குடியிருப்பவர்களுக்கு இது ஆடம்பரமல்ல. இதுவும் ஒவ்வொரு கம்பெனியில் ஒவ்வொரு நிபந்தனையோடு வருவதால், வாசித்துவிட்டே கையெழுத்துப் போடுங்கள். சாதாரணப் பாலிஸியில் ரப்பர், பிளாஸ்டிக் சாமான்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குப் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். அதுவும் வேண்டாமென்றால் 'பம்பர் டு பம்பர்' என்று சொல்லும் தேய்மானமில்லாத பாலிஸி உண்டு.

சின்ன நஷ்டத்துக்கெல்லாம் பணம் கேட்கவும் அவசரப்படாதீர்கள். ஒன்றும் கேட்காத வருஷங்களுக்கு 20 சதவிகிதத்தில் ஆரம்பித்து 50 சதவிகிதம் வரை போனஸ் தள்ளுபடி ஏறும். கேட்டால் அது போய்விடும். எது லாபம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்பெனி நியாயமில்லாமல் மறுத்தால், முதலில் அவர்களுடைய குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுத்து மூலம் புகார் கொடுங்கள். அதற்கும் பதில் சரியில்லை என்றால் சென்னையிலேயே இன்ஷ்யூரன்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. அங்கே முறையிட வக்கீலும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

மழைக் கணக்கு

கார் பட்டறையில் கிடந்த நாட்களை அந்தப் பெண் எப்படிச் சமாளித்தார்? நோட்டைக் காட்டினார். முதல் பக்கத்தில் 'மழைக் கணக்கு' என்று எழுதியிருந்தது.

"தவணை தேதிக்கு முன்னாடியே கடன் கொடுத்த இடத்துக்குப் போய் நிலைமையைச் சொன்னோம். சொல்லாம இருந்தா அபராதம் ஏறும்னு எதிர் வீட்டு அக்காதான் கூட்டிட்டுப் போனாங்க. கந்து வட்டிக்காரங்க வாசல்ல வந்து நின்னாங்க. வேண்டாம்னுட்டேன். என் வளையலை பாங்க்குல வெச்சேன்."

அரசாங்கம் ரேஷன் கடைகள் மூலம் கொடுத்த ரூ. 6,000 நிவாரணம் அந்த டிசம்பர் 17-ஆம் தேதி முதல் விநியோகமாயிற்று. அது வந்ததும் முதலில் அரிசி, பருப்பு, காஸ். அடுத்து நனைந்துபோன பாடப் புத்தகங்கள். மெத்தை வாங்கவில்லை, பாயே போதும் என்று விட்டுவிட்டார். கணவர் மூன்று மாதம் வேறொருவர் காரைச் சம்பளத்துக்கு ஓட்டினார். அடுத்த தீபாவளிக்கு முன்பே வளையல் கைக்குத் திரும்பியது.

அந்த அனுபவத்தில் அவர் கற்றுக்கொண்டதை நாமும் பின்பற்றலாம். காரின் வருஷாந்தரச் செலவுகளான பாலிஸி, சர்வீஸ், டயர், பேட்டரி எல்லாவற்றையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்து, மாதா மாதம் ஒதுக்கிவிடுகிறார். வருஷத்துக்கு 24,000 ரூபாய் ஆகுமென்றால் மாதம் 2,000. ஐப்பசி பிறக்கும் முன்பே பிரேக், வைப்பர், பேட்டரி மூன்றையும் பார்த்துவிடுகிறார். பத்து நாளைக்கு வேண்டிய அரிசி, பருப்பு, பால் பவுடர், மெழுகுவர்த்தி, குழந்தைகளின் மருந்து இவற்றை மழைக்கு முன் விலையில் வாங்கி வைக்கிறார். அந்த டிசம்பரில் பால் பாக்கெட்டுக்கு அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அடைமழை நாளில் காரை எடுக்காமலிருப்பதும் ஒரு சேமிப்புத்தான். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் வந்துவிட்டது. திருவொற்றியூர்க்காரர்கள் சென்ட்ரலுக்குத் தண்ணீரில் நீந்தாமலே போய்வரலாம். கார் மேடான இடத்தில் சுகமாய் ஓய்வெடுக்கட்டும். 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரிக்காரர்கள் மேம்பாலத்தின் மேல் வரிசையாகக் காரைக் கொண்டுபோய் நிறுத்தினார்களே, சிரித்தவர்களும் உண்டு. ஆனால் சாமான் நனைந்தவர்களுக்கல்லவா தெரியும் அதன் நியாயம்!

விடைபெற்றுக் கிளம்பும்போது எதிர் வீட்டு அம்மாள் என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனார். அரிசி டின்னைத் திறந்து காட்டினார்.

"இப்பெல்லாம் காற்றழுத்தத் தாழ்வுன்னு ரேடியோவுல சொன்னவுடனே ரெண்டு வண்டியையும் மேட்டுத் தெருவுல நிறுத்திடுவாங்க. அப்புறம் ரெண்டு வீட்டுச் சாவியும் இந்த டின்னுக்குள்ளதான்."

"அந்தத் தம்பி கோபித்துக்கொள்ள மாட்டாரா?" என்று கேட்டேன்.

"அவன்தானே கொண்டாந்து குடுக்கிறான்!" என்றார் அம்மாள்.