கால்பந்து வீரர் பலி: ஊசி போட ஓடிய வாலிபர்கள்!

1959-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் கால்பந்து போட்டி. பர்மிங்காம் சிட்டி அணிக்காக ஜெப் ஹால் ஆடினார். வயது 29. இங்கிலாந்துக்காக 17 ஆட்டங்கள் ஆடியவர். திடகாத்திரமான ஆள்.

அதுவே கடைசி ஆட்டம். இளம்பிள்ளை வாதம் தாக்கியது. கை கால் விளங்கவில்லை. ஏப்ரல் 4-ந் தேதி உயிர் பிரிந்தது.

தடுப்பு ஊசி அங்கே 1956-லேயே வந்துவிட்டது. 1958-ல் 25 வயது வரை போடலாம் என்றார்கள். வாலிபர்கள் எட்டிப் பார்த்தால்தானே! "குழந்தைக்கு வர்ற நோய், நமக்கு எதுக்கு?" என்ற அலட்சியம்.

பந்து உதைத்தவருக்கே இந்தக் கதியா? குலை நடுங்கியது. ஊசி போடும் இடங்களில் நீண்ட கியூ. மருந்து பற்றாமல் அமெரிக்காவில் இருந்து விமானத்தில் வந்தது.

ஹால் வயதுக்காரர்களுக்கு அந்தச் சலுகையே கிடையாது. 1960-ல்தான் வரம்பு 40 ஆனது.