தென்கிழக்கே திருப்பிய கம்பிகள்

தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கத்து மொட்டை மாடிகளில் எண்பதுகளில் நின்ற ஆன்டெனாக்கள் பல சென்னையைப் பார்த்து நிற்கவில்லை. கடலைப் பார்த்து நின்றன. சென்னைத் தொலைக்காட்சி 1975-லேயே தொடங்கிவிட்டது என்றாலும் அதன் அலை தென்கோடிக்கு எட்டவில்லை. 1982 பிப்ரவரியில் ஜப்பானின் உதவியோடு இலங்கை ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியதும், இங்கே பலருக்குச் சொந்த நாட்டு டிவியைவிட அடுத்த நாட்டு டிவி கிட்டத்தில் வந்துவிட்டது. கிரிக்கெட்டுக்காகவும் தமிழ்ப் படத்துக்காகவும் வாங்கிய பெட்டியில், நடுவில் வந்த சிங்களச் செய்தியையும் அணைக்க மனமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அலை புறப்பட்ட இடம் இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகல. உயரம் 2,524 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து அனுப்பினாலும், பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்தால் அலை நேராகப் போய்ச் சேரக்கூடிய தூரம் 200 கிலோமீட்டருக்குச் சற்று மேல்தான். ராமேஸ்வரமோ சுமார் 300 கிலோமீட்டர். தூத்துக்குடி இன்னும் தள்ளி. கணக்குப்படி படம் வந்திருக்கவே கூடாது.

வரவைத்தது கடல். மேலே போகப் போகக் காற்று குளிரும் என்பது பொது விதி. காற்று அசையாத நேரங்களில் கடல்மேல் இது தலைகீழாகும்: நீரை ஒட்டிய ஈரக் காற்றின்மேல் வறண்ட வெப்பக் காற்று மூடிபோல் படியும். டிவி அலை அந்த மூடியைத் தாண்டி வானத்துக்குத் தப்ப முடியாமல் கீழே வளைந்து, கடலோடு கடலாக வெகுதூரம் ஓடிவரும். பலத்த காற்று அடித்துக் கலக்கிவிட்டால் மூடி போச்சு, படமும் போச்சு. நேற்றிரவு பளிச்சென்று தெரிந்த முகம் இன்று மத்தியானம் வெறும் புள்ளிகளாக இரைவதற்குக் காரணம் இதுதான். பாவம், மெக்கானிக்தான் திட்டு வாங்கினார்.

எதிர்க்கரையிலும் இதே கதை. யாழ்ப்பாணத்து வீடுகள் மேற்கே கம்பியைத் திருப்பிக் கொடைக்கானல் கோபுரத்திலிருந்து தூர்தர்ஷனைப் பிடித்தன. அங்கேயும் தூரம் 280 கிலோமீட்டர் அளவுக்கு வரும்.

மாடியில் நின்ற மீன்முள் வடிவக் கம்பிக்கூட்டத்தின் பெயர் யாகி-உடா ஆன்டெனா. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் 1926 வாக்கில் உருவானது. உழைப்பில் பெரும்பங்கு உடாவுடையது. உலகம் சுருக்கிக் கூப்பிட்டதோ யாகி என்று. ஜப்பானியர் உதவிய நிலையத்தை ஜப்பானியர் கண்டுபிடித்த கம்பியால் பிடித்தோம் என்றும் சொல்லலாம்.

அந்தக் கம்பிகளின் நீளம் கண்மதிப்பில் போடுவதல்ல. 200 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அலையின் நீளம் ஒன்றரை மீட்டர். ஒயர் இணைக்கும் வளைந்த நடுக் கம்பி அதில் பாதி, அதாவது 75 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அதன் பின்னால் நிற்பது சற்று நீளம், முன்னால் நிற்பவை சற்றுக் குட்டை. முன்கம்பிகள் கூடக் கூட ஆன்டெனாவின் பார்வை ஒடுங்கும். தொலைவிலிருப்பது பலமாகக் கிடைக்கும்; ஆனால் அதைத் தாங்கும் குழாய் கொஞ்சம் திரும்பினாலும் படம் நழுவிவிடும். மேலே ஒருவர் திருப்ப, கீழேயிருந்து “போச்சு, போச்சு, பழையபடி வைண்ணே!” என்று கத்த ஒருவர் வேண்டியிருந்தது அதனால்தான்.

படம் மங்கினால் எல்லோரும் கேட்டு வாங்கியது பூஸ்டர். தேவைக்கு மேல் கொண்டாடப்பட்ட டப்பா அது என்பது என் கட்சி. வருகிற அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். ஆன்டெனாவுக்குப் பக்கத்திலேயே கம்பத்தில் மாட்டினால், ஒயரில் தேய்வதற்கு முன்னால் அலையைத் தூக்கிவிடும், பலன் உண்டு. டிவிக்குப் பின்னால் வைத்தால், ஏற்கெனவே தேய்ந்து வந்ததைத்தான் உரக்கச் சொல்லும். அந்தக் காசுக்கு இன்னொரு பத்தடி குழாயும், அது ஆடாமலிருக்க இழுத்துக் கட்டும் கம்பியும் வாங்கியிருக்கலாம். இடிக்குப் பயந்தவர்கள் குழாயிலிருந்து தரைக்கு எர்த் கம்பியும் இறக்கினார்கள். கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. அலுமினியக் குழாயும் இரும்பு போல்ட்டும் சேரும் இடத்தை அது அரித்துத் தின்றது. பட்டை ஒயரின்மேல் ஈரத்தோடு உப்பு படிந்தால் அலை பாதி வழியிலேயே தேய்ந்தது.

தொண்ணூறுகளில் ராமேஸ்வரத்திலேயே 323 மீட்டர் உயரத்துக்கு டிவி கோபுரம் எழுந்தது. அதற்கிடையே 1993-ல் சன் டிவி வந்து, கேபிள் ஒயர் தெருத்தெருவாக ஓடத் தொடங்கியிருந்தது. தரைவழியை டிஜிட்டலாக்கும் முயற்சியில் 2016-ல் சென்னை உட்பட 16 நகரங்களில் தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கியது; பெரிதாக யாரும் கவனிக்கவில்லை. முக்கியமான இடங்களில் ஏறக்குறைய 50 தவிர, மற்ற பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களை 2022 மார்ச்சுக்குள் மூடுவதாகத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி அறிவித்தது.

மாதக் கட்டணமில்லாமல் டிவி வேண்டுமென்றால் இன்று கைகொடுப்பது 2004-ல் தொடங்கிய தூர்தர்ஷனின் இலவச டிஷ், இன்றைய பெயரில் டிடி ஃப்ரீ டிஷ். அதன் செயற்கைக்கோள் நிற்பது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 டிகிரியில். தூத்துக்குடி மாடியிலிருந்து பார்த்தால் அதுவும் தென்கிழக்குதான். பழைய ரூபவாஹினி ஆன்டெனா நின்ற திசைக்கு ஐந்தாறு டிகிரிதான் வித்தியாசம். ஆனால் இது தொடுவானத்தில் இல்லை, ஏறக்குறைய 70 டிகிரி உயரத்தில் இருக்கிறது. ஆகவே உயரக் குழாய் வேண்டாம், கடலின் தயவும் வேண்டாம். மழையின் தயவு மட்டும் வேண்டும்: டிஷ் வாங்கும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான், ஐப்பசி அடைமழை அதை வழியிலேயே விழுங்கிவிடும். ஒன்றரை மீட்டர் அலைக்கு மழை ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை.