ஒருசாய் பாரமும் வண்டியின் வில்லும்

வில்வண்டி என்ற சொல் நமக்குப் புதிதன்று. பெட்டிக்கும் அச்சுக்கும் இடையே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டியிருந்தமையால் அவ்வண்டிக்கு அப்பெயர் வந்தது. இங்குள்ள வடநாட்டுப் பட்டறைகளில் அந்தப் பட்டைக்கட்டையே ‘கமானி’ என்கிறார்கள். கமான் என்றாலும் வில்தான். இன்று ஜீப்பும் டிராக்டரும் இழுத்துச் செல்லும் இரு சக்கர டிரெய்லர்கள் பலவற்றையும் தாங்கி நிற்பது இதே வில்தான்.

மாட்டுவண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் பார்த்துச் சுமை ஏற்றுவார். பக்கப் பாரத்தைப் பற்றி அவருக்கு அவ்வளவு கவலை இல்லை. மூட்டைகளை இரு புறமும் ஒப்ப அடுக்கிவிடலாம். ஆனால் சிற்றுண்டி விற்கும் இழுவண்டியைப் பாருங்கள். ஒரு பக்கம் முழுவதும் விற்பனைச் சன்னல். ஆகவே ஐஸ்பெட்டி, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் மறுபக்கம் போய்ச் சேர்கின்றன. வண்டி அப்பக்கமாகச் சாய்கிறது. உடையவர் பட்டறைக்குச் சென்று, “தாழ்ந்த பக்கத்துக்கு ஒரு பட்டை கூடப் போடுங்கள்” என்கிறார். இது சரியா? பாதி சரி என்பதே என் கருத்து. அந்தப் பாதியை முதலில் காண்போம்.

வில் அமுங்கும் அளவு அதன்மீதுள்ள பாரத்துக்கு நேர் விகிதத்தில் இருக்கும் என்பது ராபர்ட் ஹூக் 1678இல் விளக்கி வெளியிட்ட விதி. ஆகவே இரு பக்கமும் ஒரே அளவு அமுங்கவேண்டுமானால், வில்களின் விறைப்பு பாரங்களின் விகிதத்திலேயே அமையவேண்டும். சொல்வதற்கு எளிது. எந்தப் பாரம் என்பதில்தான் சிக்கல்.

எடைமேடையில் ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஏற்றி நிறுத்தி, பிறகு மறு பக்கத்தையும் அவ்வாறே நிறுத்துகிறோம் என்க. வண்டி மட்டமாக நிற்கவேண்டும் என்பது முக்கியம். 550 கிலோவும் 450 கிலோவும் வருகின்றன. உடனே 55க்கு 45 என்று விகிதம் போட்டுவிடக்கூடாது. அச்சும் சக்கரங்களும் வில்லுக்குக் கீழே உள்ளவை. அவற்றின் பாரம் வில்லின்மேல் இல்லை. அவை பக்கத்துக்கு 50 கிலோ என்றால் மீதி 500, 400. இதுவும் முடிவான கணக்கன்று. சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் இருந்தால், வில்கள் அவற்றுக்கு உட்புறமாக 1 மீட்டர் இடைவெளியில் இருக்கலாம். ஒரு பலகையை இரண்டு செங்கற்களின்மேல் வைத்து, நடுவிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு கல்லை வையுங்கள். செங்கற்களை நெருக்க நெருக்க, கல்லுக்கு அருகிலுள்ள செங்கல் ஏற்கும் பங்கு கூடிக்கொண்டே போகும். அதுபோலவே இங்கும் 100 கிலோ வேறுபாடு வில்லின்மேல் 150 ஆகிறது. எனவே வில்கள் தாங்குவது 525, 375. விகிதம் 7க்கு 5! எடைமேடைக் கணக்கை மட்டும் நம்பியவர் இந்த வேறுபாட்டை முழுமையாகக் கண்டிருக்கமாட்டார்.

இரு பக்கமும் மில்லிமீட்டருக்கு 6 கிலோ தாங்கும் ஒரே வகை வில் இருந்தால், ஒன்று 87.5 மி.மீ., மற்றது 62.5 மி.மீ. அமுங்கும். இரண்டு மீட்டர் அகலமுள்ள பெட்டியின் ஓரங்களில் இது 5 செ.மீ. சாய்வாகத் தெரியும். ஒரு பக்கம் 7, மறு பக்கம் 5 என்று வைத்தால் இரண்டும் 75 மி.மீ. அமுங்கி வண்டி மட்டமாக நிற்கும்.

மட்டமாக நிற்பதுதான் நோக்கமென்றால் தாழ்ந்த பக்கத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகினாலே போதாதோ என்று கேட்கலாம். நிற்கும்போது போதும், ஓடும்போது போதாது. வில்லின்மேல் அமர்ந்த பாரம் மேலும் கீழும் ஆடும் வேகம், அது எவ்வளவு அமுங்கியிருக்கிறதோ அதைப் பொறுத்தது. தனித்தனியே கணக்கிட்டால், 87.5 மி.மீ. அமுங்கிய பக்கம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 101 முறையும், 62.5 மி.மீ. அமுங்கிய பக்கம் 120 முறையும் ஆடும். மேட்டில் ஏறி இறங்கிய வண்டி ஒரே சீராகக் குதிக்காமல் பக்கவாட்டில் உருளத் தொடங்கும். கட்டை இதனை மாற்றாது. விறைப்பைப் பாரத்துக்கு ஏற்ப அமைத்தாலோ இரு பக்கமும் 109 முறையே ஆடும்.

ஒரே அளவுள்ள பட்டைகளானால் ஒரு பக்கம் ஏழு, மறு பக்கம் ஐந்து என்று அடுக்குவது ஏறக்குறைய இந்த விகிதத்தைத் தந்துவிடும். பட்டையின் கனத்தை மாற்றுவோர் எச்சரிக்கையாக இருக்கவேண்டும்: விறைப்பு கனத்தின் முப்படியாக வளர்வது. கனம் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். மேலும், பட்டைக்கட்டு அச்சின்மேல் அமர்ந்திருந்தால், கூடுதலான இரண்டு பட்டைகளின் கனம் அப்பக்கத்தைச் சற்றே உயர்த்தும். அவ்வளவு கனமுள்ள தகட்டை மறு பக்கம் வைத்து ஈடுசெய்யவேண்டும்.

இனி, சரியில்லாத பாதி. வண்டி மட்டமானதும் பாரமும் சமமாகிவிட்டது என்று பலர் நம்புகின்றனர். அஃது ஆபத்தான நம்பிக்கை. சுமை நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே சக்கரங்களின் பங்கைத் தீர்மானிக்கிறது. வில்லுக்கு அதில் உரிமையே இல்லை. ஏழு பட்டை போட்ட பின்னரும் எடைமேடை ஏறக்குறைய அதே 550, 450ஐத்தான் காட்டும். 1000 கிலோ தாங்கும் அச்சு என்று வாங்கியவர் மொத்தத்தைப் பார்த்து மகிழ்வார். ஆனால் ஒரு பக்கத்து டயரும் பேரிங்கும் தம் பங்கான 500க்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகச் சுமந்துகொண்டிருக்கும். முன்பு சாய்வாவது அதனை நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

மற்றொன்று தண்ணீர்த் தொட்டி. நம் கணக்கிலுள்ள வேறுபாடு முழுவதும் உண்டாக, 100 லிட்டர் தண்ணீர் நடுக்கோட்டிலிருந்து 75 செ.மீ. தள்ளி இருந்தாலே போதும். மாலைக்குள் தண்ணீர் தீர்ந்துவிட்டால் ஒவ்வொரு வில்லின்மேலும் 400 கிலோ. பாரம் இப்போது சமம். ஆனால் ஏழு பட்டைப் பக்கம் 57 மி.மீ., ஐந்து பட்டைப் பக்கம் 80 மி.மீ. அமுங்கும். காலையில் நேராக வந்த வண்டி மாலையில் எதிர்ப்பக்கம் சாய்ந்து வீடு திரும்பும்! ஆதலால் தொட்டியை அச்சுக்கு நேர்மேலே நடுவில் வைத்துவிட்டு, ஐஸ்பெட்டி, அடுப்பு போன்று என்றும் இறங்காத பொருள்களின் பாரத்தை இயன்றவரை இரு பக்கமும் பகிர்ந்து, எஞ்சிய வேறுபாட்டுக்கு மட்டுமே வில்லை மாற்றவேண்டும். எரிவாயு உருளையைப் பற்றிக் கவலை வேண்டா. கடைகளில் வைக்கும் உருளையின் 19 கிலோ வாயு முழுவதும் தீர்ந்தாலும், வில்களுக்கிடையே சாய்வு ஐந்து மி.மீ. அளவில்தான் மாறும்.