நீறு பூத்த நெருப்பு

புற்றுநோய் இருக்கிறது, ஆனால் இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம் என்று வைத்தியர் கூறினால், குடும்பத்தினர் திகைப்பது இயல்பே. என்புமச்சையின் பிளாஸ்மா கலங்களில் உருவாகும் மைலோமா என்னும் புற்றுநோயின் முற்படி ஒன்று இத்தகையது. குருதிச்சோகையோ, என்புச் சிதைவோ, சிறுநீரகப் பாதிப்போ இன்றி அது நீறு பூத்த நெருப்பாய்க் கிடக்கிறது.

முதல் ஐந்து ஆண்டுகளில், ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதத்தினருக்கே நோய் முற்றுகிறது; பின்னர் அவ்வேகம் தணிகிறது. ஆகவே மருந்தின் சுமையை அனைவர் மீதும் ஏற்றுவது நியாயமன்று.

எனினும் எல்லோரது நிலையும் ஒன்றல்ல. என்புமச்சையில் பிளாஸ்மா கலங்கள் 20 சதவீதத்துக்கு மேல், குருதியில் எம் புரதம் டெசிலீற்றருக்கு 2 கிராமுக்கு மேல், இலகு சங்கிலிப் புரத விகிதம் 20 இற்கு மேல் ஆகிய மூன்றில் இரண்டேனும் காணப்பட்டால் ஆபத்து அதிகம்.

உயர் ஆபத்துடைய 390 பேரிடம் நடத்தப்பட்ட அக்விலா ஆய்வின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாகின. டரட்டுமுமாப் ஊசி பெற்றோரில் 63 சதவீதத்தினர் ஐந்து ஆண்டுகளின் பின்னரும் நோய் முற்றாது வாழ்ந்தனர். வெறும் கண்காணிப்பில் இருந்தோரில் அது 41 சதவீதம். 2025 நவம்பரில் அமெரிக்கா இச்சிகிச்சைக்கு அனுமதி வழங்கியது. முன்கூட்டிய சிகிச்சையின் பயன் இதில் தெளிவு. ஆயினும் அந்த 41 சதவீதத்தினர் மருந்தின்றியே காலத்தைக் கடந்தனர் என்பதையும் நாம் மறக்கலாகாது.

காத்திருத்தல் என்பது கைவிடுதல் அன்று. உடல் நலமாயிருக்கிறதென எண்ணிக் கிளினிக்குக்குச் செல்லாது விடுவதே ஆபத்து. நோயாளர் தமது ஆபத்தின் அளவை வைத்தியரிடம் கேட்டறிந்து, குறித்த தவணையில் பரிசோதனைக்குச் செல்லவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.