வெண்ணெய் வாசம் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் வீட்டில் பீர் காய்ச்சும் பழக்கம் உள்ளவர்கள் நீண்ட கார்ப் பயணம் போனால், வழியில் எந்த ஊரில் சின்ன ப்ரூவரி (பீர் காய்ச்சி அங்கேயே ஊற்றித் தரும் இடம்) இருக்கிறது என்று முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்வார்கள். சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஊரிலும் இப்போது ஒன்று இருக்கும். பழைய தீயணைப்பு நிலையத்திலோ மூடிப்போன ஹார்டுவேர் கடையிலோ, பின்னால் ஸ்டீல் தொட்டிகள், முன்னால் மர மேசைகள். ஆசையாக உள்ளே போய், முதல் மிடறிலேயே முகம் சுண்டி வெளியே வருவதும் அடிக்கடி நடக்கிறது. எனக்கும் நடந்திருக்கிறது. 'நாம் வீட்டில் காய்ச்சுவதே இதைவிடத் தேவலாமே' என்ற எண்ணம் அப்போது தானாக வரும். பல நேரம் அது உண்மையும்கூட. ஆனால் அது ஏன் உண்மையாகிறது என்பதைப் புரிந்துகொண்டால், கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வர மனம் வராது.

முதலில், இந்த வீட்டுக் காய்ச்சல்காரர்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். அமெரிக்காவிலும் மதுவிலக்குக் காலம் முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் வீட்டில் பீர் காய்ச்ச மத்திய அரசின் சட்டத்தில் இடம் இல்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம்தான் 1979 பிப்ரவரி முதல் அதை அனுமதித்தது. இரண்டு பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர். விற்கக் கூடாது. மாநிலங்கள் ஒவ்வொன்றாகத்தான் இறங்கி வந்தன. மிசிசிப்பியும் அலபாமாவும் 2013-இல்தான் சம்மதித்தன. இன்றைய சிறு ப்ரூவரிகளில் கணிசமானவை அப்படி அடுப்படியில் தொடங்கியவர்களுடையவை. ஆகவே வீட்டில் காய்ச்சுபவர் அங்கே போய் உட்காரும்போது, எதிரே நிற்பவர் சில ஆண்டுகளுக்கு முன்பு அவரைப் போலவே இருந்தவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

போனதும் என்ன வாங்குவது? பட்டியலில் இருப்பதிலேயே வெளிர்நிறமான, எளிமையான பீரை வாங்குங்கள். லாகரோ ப்ளாண்ட் ஏலோ எதுவானாலும் சரி. கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்களை அள்ளிப் போட்ட ஐ.பி.ஏ.விலும், வறுத்த மால்ட் (முளைகட்டிய தானியம்) சேர்த்த ஸ்டௌட்டிலும், பழக்கூழ் கலந்த வகைகளிலும் சின்னக் குறைகள் மறைந்துவிடும். வெளிர் பீரில் மறைய இடமே கிடையாது. வந்ததும் குடித்துவிடாதீர்கள். குழாயிலிருந்து வரும் பீர் ஏறக்குறைய 3 டிகிரிக் குளிரில் இருக்கும். அந்தக் குளிரில் மூக்குக்கு ஒன்றும் எட்டாது. இரண்டு உள்ளங்கைகளாலும் கிளாஸை ஐந்து நிமிடம் பிடித்திருங்கள். பிறகு லேசாகச் சுழற்றி முகர்ந்து பாருங்கள்.

ஏமாற்றம் தரும் ப்ரூவரிகளில் நான் அதிகம் சந்திப்பது வெண்ணெய் வாசம். தியேட்டர் பாப்கார்னின் மணம். கூடவே நாக்கில் ஒரு வழுவழுப்பு. இதற்குக் காரணமான பொருளின் பெயர் டைஅசிட்டைல். பாப்கார்னுக்கு வெண்ணெய் மணம் ஏற்றப் பயன்படுத்தியதும் இதையேதான். ஒரு லிட்டர் பீரில் ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு இருந்தாலே பழகிய மூக்கு கண்டுபிடித்துவிடும். வெளியிலிருந்து யாரும் இதைச் சேர்ப்பதில்லை. நொதிக்கும்போது ஈஸ்ட் தன் தேவைக்கு ஓர் அமினோ அமிலத்தைத் தயாரிக்கிறது. அந்த வேலையின் நடுவில் உண்டாகும் ஒரு பொருள் செல்லை விட்டு வெளியே கசிந்து, பீரில் மெல்ல டைஅசிட்டைலாக மாறுகிறது. இனிப்பெல்லாம் தீர்ந்த பிறகு அதே ஈஸ்ட் அதைத் திரும்ப உள்ளே இழுத்து, வாசமற்ற பொருளாக மாற்றிவிடுகிறது.

அந்த இரண்டாவது வேலைக்கு ஈஸ்டுக்குச் சில நாள் அவகாசமும் கொஞ்சம் வெதுவெதுப்பும் வேண்டும். லாகர் காய்ச்சுபவர்கள் நொதித்தல் முடியும் தறுவாயில் தொட்டியின் வெப்பத்தை 16 அல்லது 18 டிகிரிக்கு ஏற்றி இரண்டு மூன்று நாள் விட்டுவைப்பது இதற்காகத்தான். அதற்கு முன்பே தொட்டியைக் குளிரவைத்தால் ஈஸ்ட் உறங்கி அடியில் படிந்துவிடும். வெண்ணெய் வாசம் பீரிலேயே தங்கிவிடும். இன்னும் மோசமான ஒன்றும் நடக்கும். குளிரவைக்கும் நேரத்தில் வாசமே இருக்காது. காய்ச்சியவரும் ருசி பார்த்து நிம்மதியடைந்திருப்பார். ஆனால் மாறாமல் மிச்சமிருந்த அந்த மூலப்பொருள் கெக்கில், அதாவது பீர் அடைக்கும் உலோகப் பீப்பாயில், இருக்கும்போது மாறி, வாடிக்கையாளரின் கிளாஸில் வாசமாக வெளிப்படும். இதைப் பிடிக்க எளிய சோதனை உண்டு. தொட்டியிலிருந்து இரண்டு சின்னக் குவளை எடுத்து, ஒன்றை மூடி 60 முதல் 70 டிகிரி வெந்நீரில் இருபது நிமிடம் வைத்து ஆறவிட வேண்டும். பிறகு இரண்டையும் முகர வேண்டும். சூடாக்கியதில் வெண்ணெய் மணம் வந்தால் தொட்டி இன்னும் தயாராகவில்லை என்று பொருள். செலவு ஒன்றுமில்லை.

பிறகு ஏன் செய்வதில்லை? இங்கேதான் வீட்டில் காய்ச்சுபவருக்கும் ப்ரூவரி நடத்துபவருக்கும் உள்ள பெரிய வேறுபாடு வருகிறது. வீட்டில் ஒரு தடவை காய்ச்சுவது 5 கேலன், சுமார் 19 லிட்டர். மூன்று வாரமானாலும் ஐந்து வாரமானாலும் யாரும் கேட்கப்போவதில்லை. கெட்டுப்போனால் கொட்டிவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி காய்ச்சலாம். சிறு ப்ரூவரிகளில் வழக்கமான 7 பேரல் தொட்டியில் 820 லிட்டர், அதாவது 1,700 பைண்டுக்கு மேல் இருக்கும். வெள்ளிக்கிழமை கூட்டம் வரும், குழாய் காலியாக இருக்கக் கூடாது, அந்தத் தொட்டி அடுத்த பீருக்கும் வேண்டும், வங்கித் தவணையும் நிற்காது. பொறுத்திருக்கவும் முடியாமல், கொட்டவும் மனம் வராமல் அந்த பீர் கெக்குக்குப் போய்விடுகிறது. நான் குடித்த மோசமான பீர்களில் பெரும்பாலானவற்றை அறியாமை கெடுக்கவில்லை, அவசரம்தான் கெடுத்தது என்பது என் கணிப்பு.

கொட்டத் துணிந்தவர்களும் உண்டு. கலிஃபோர்னியாவின் சிக்கோ என்ற சிறு நகரில் வீட்டுக் காய்ச்சலுக்கான பொருட்கள் விற்கும் கடை வைத்திருந்த கென் கிராஸ்மன், பழைய பால்பண்ணைச் சாதனங்களை வாங்கித் தானே வெல்டிங் செய்து, கூட்டாளியோடு சியெரா நெவாடா ப்ரூவரியைத் தொடங்கினார். 1980-இல் காய்ச்சத் தொடங்கியபோது, பேல் ஏல் என்ற தங்கள் பீர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வரவில்லை என்று பல தடவை காய்ச்சியதைச் சாக்கடையில் கொட்டினார்கள். கையில் பணம் இல்லாத காலம் அது. இன்று அந்தப் பேல் ஏல் கிடைக்காத மாநிலம் அமெரிக்காவில் இல்லை.

மற்ற வாசங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பச்சை ஆப்பிள் மணம் வந்தால் அதுவும் அவசரத்தின் அடையாளமே; ஈஸ்ட் வேலையை முடிக்கவில்லை. வேகவைத்த மக்காச்சோள மணம் வந்தால் கொதிக்க வைத்ததில் குறை. அந்த மணத்தைத் தரும், வெளிர் மால்ட்டிலிருந்து வரும் கந்தகப் பொருள், மூடாத கலத்தில் நன்றாகக் கொதித்தால்தான் ஆவியோடு வெளியேறும். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்தால் காற்று பட்டு பீர் பழசாகிவிட்டது, கலங்கலான ஐ.பி.ஏ. பளிச்சென்ற நிறம் இழந்து பழுப்பேறியிருந்தாலும் அதே கதைதான். மருத்துவப் பிளாஸ்டர் நெடி அடித்தால் ஊர்த் தண்ணீரின் குளோரினைச் சந்தேகிக்கலாம். சுமார் 75 லிட்டர் தண்ணீருக்கு ஒரே ஒரு கேம்ப்டன் மாத்திரை போட்டால் தீர்ந்துவிடும் விஷயம் அது. வீட்டில் காய்ச்சுபவர்கள் முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்வது. காசு வாங்கி விற்கும் இடத்தில் அந்த நெடியை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் காய்ச்சியவர் மேல் பழி போடும் முன் குழாயைப் பாருங்கள். கெக்கிலிருந்து குழாய் வரை பீர் ஓடும் மெல்லிய ட்யூபின் உட்சுவரில் ஈஸ்டும் பாக்டீரியாவும் படலமாகப் படியும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரக் கரைசல் ஓட்டிக் கழுவ வேண்டும் என்பது அமெரிக்கச் சிறு ப்ரூவரிகளின் சங்கமே சொல்லும் அளவு. கழுவாமல் விட்டால் அந்த பாக்டீரியாவும் வெண்ணெய் வாசத்தை உண்டாக்கும். ஆனால் கூடவே புளிப்பும் தட்டும். வெண்ணெய் மட்டும் தனியாக இருந்தால் தொட்டியில் நடந்த அவசரம், வெண்ணெயும் புளிப்பும் சேர்ந்திருந்தால் கிருமி என்று ஓரளவு நம்பிப் பிரிக்கலாம். அதே பீர் கேனிலும் விற்றால் ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கேன் சுத்தமாக இருந்தால் குற்றவாளி குழாய்தான். கிளாஸையும் விட்டுவிடாதீர்கள். உட்புறத்தில் குமிழிகள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் கிளாஸ் சரியாகக் கழுவப்படவில்லை. சுத்தமான கிளாஸில் நீங்கள் குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகப் படிந்து நிற்கும்.

இன்னொன்று: உங்களுக்குப் பிடிக்காததெல்லாம் குறை ஆகாது. சுற்றிலும் சோள வயல்கள் உள்ள ஊரில், வேலை முடிந்து வருபவர்கள் கேட்பது மென்மையான, கசப்புக் குறைந்த பீர். அதைச் சுத்தமாகக் காய்ச்சுவது கடினம். அப்படிக் காய்ச்சியிருந்தால் அதுவே நல்ல ப்ரூவரி. செக் நாட்டுப் பில்ஸ்னரையோ பெல்ஜிய வகைகளையோ எதிர்பார்த்துப் போன நம் ஏமாற்றத்துக்கு அவர்கள் பொறுப்பல்ல.

குறை நிச்சயம் என்று தெரிந்தால் சொல்லத்தான் வேண்டும். கூட்டத்தின் நடுவில் வேண்டாம், ஊற்றித் தரும் இளைஞரிடமும் வேண்டாம். காய்ச்சுபவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். 'டைஅசிட்டைல்' என்று தீர்ப்புச் சொல்லாமல், 'எனக்கு இதில் வெண்ணெய் வாசம் வருகிறது, உங்களுக்கு வருகிறதா?' என்று கிளாஸை நீட்டுங்கள். சிலருக்கு அந்த வாசம் பிறவியிலேயே சரியாகத் தெரியாது. அவர் அப்படிப்பட்டவராக இருந்தால் உங்கள் மூக்கு அவருக்குப் பெரிய உதவி. கெக் எப்போது நிரப்பியது, ட்யூப் எப்போது கழுவியது என்றும் கேட்கலாம். தேதியைத் தயங்காமல் சொல்பவரின் ப்ரூவரிக்குச் சில மாதம் கழித்து மறுபடி போய், அதே வெளிர் பீரைக் கேட்டு வாங்குங்கள்.