வண்ண விளக்கு நாடாவும் கம்பியில்லாக் கட்டளையும்

சென்ற பொங்கல் விழாவன்று அரங்க முகப்பில் நாம் கட்டிய விளக்கு நாடாவை அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாயிலருகே வெண்மையாகத் தொடங்கிய ஒளி, நடுவில் மஞ்சளாகி, கடைசியில் மங்கிய சிவப்பாய் முடிந்தது. "நல்ல வேலைப்பாடு" என்று விருந்தினர் ஒருவர் பாராட்டினார். அது வேலைப்பாடன்று, பிழை. சற்று நேரத்தில் கம்பி இணைப்பொன்றில் பிளாஸ்டிக் கருகும் வாடை எழுந்தது. ஓடிச்சென்று சுவிட்சை அணைத்தவன் நானே. அந்த இணைப்பைக் கையால் முறுக்கி வைத்தவனும் நானே. இவ்வாண்டும் நாடா கட்ட வேண்டும் என்று பலர் கேட்கின்றனர். விடுதி அறைகளிலும் தீபாவளிதோறும் இதே வேலை நடக்கிறது. ஆதலின் அது இயங்கும் விதத்தையும், தவறும் இடத்தையும் எழுத முற்பட்டேன்.

சாதாரண வண்ண நாடாவில் எல்லா விளக்குகளும் ஒரே நிறத்தில்தான் எரியும். நாம் கூறும் நாடாவிலோ ஒவ்வொரு விளக்கும் தனித்தனியே கட்டளை கேட்கும். கடையில் 'அட்ரஸபிள் ஸ்ட்ரிப்' என்று கேட்டால் தருவார்கள். பெரிதும் விற்பது டபிள்யூ.எஸ். 2812பி என்னும் வகை. ஐந்து மில்லிமீட்டர் சதுரத்துக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று விளக்குகளும், அவற்றை ஆளும் சில்லு ஒன்றும் அடங்கியிருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். மூன்றும் கூடினால் ஒரு கோடியே அறுபத்தேழு இலட்சத்துக்கு மேற்பட்ட நிறங்கள். சிவப்பு 1962-இலேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு 1990-கள் வரை உலகம் காத்திருந்தது. அந்நீலத்துக்காக அகாசாகி, அமானோ, நகாமுரா ஆகிய மூவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

முந்நூறு விளக்குகளுக்கும் கட்டளை செல்வது ஒரே கம்பி வழியாகத்தான். எங்ஙனம்? பந்தியில் முதலில் அமர்ந்தவர் தம் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை அடுத்தவரிடம் தள்ளுவதைப் போல என்று கொள்ளலாம். ஒரு விளக்குக்கு 24 'பிட்' செய்தி வேண்டும். முதற் சில்லு, வரும் செய்தியில் முதல் 24 பிட்டைத் தனக்கு வைத்துக்கொண்டு, மற்றதை அடுத்த சில்லுக்கு அனுப்பும். அது தன் பங்கை எடுக்கும். இப்படியே கடைசி வரை. நொடிக்கு எட்டு இலட்சம் பிட் ஓடுவதால், 300 விளக்குகளுக்கும் செய்தி சேர 9 மில்லி நொடியே ஆகும். கண்ணுக்கு எல்லாம் ஒரே கணத்தில் மாறியதாகத் தோன்றும். பந்தியில் ஒருவர் கை தவறினால் அவருக்குப் பின்னுள்ளவர் பட்டினி. ஒரு சில்லு பழுதானால் அதற்கு அப்பாலுள்ள விளக்குகளும் கட்டளை பெறா. நாடாவின் மேல் அச்சிட்டுள்ள அம்புக்குறி செய்தி செல்லும் திசையைக் காட்டுவது. தலைகீழாகக் கட்டினால் ஒன்றும் எரியாது.

செய்தியை அனுப்புவது தீப்பெட்டியளவுள்ள இ.எஸ்.பி. 32 என்னும் பலகை. அதிலேயே வைஃபை உண்டு. கிறிஸ்டியன் ஷ்வின்னே என்பவர் தொடங்கிய டபிள்யூ.எல்.இ.டி. என்னும் இலவச மென்பொருளை அதில் ஏற்றிவிட்டால், நிரல் ஒரு வரிகூட எழுத வேண்டுவதில்லை. பலகையை யு.எஸ்.பி. கம்பியால் கணினியில் இணைத்து, குரோம் உலாவியில் அம்மென்பொருளின் நிறுவல் பக்கத்தைத் திறந்து, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். பலகை தென்படவில்லையென்றால் கம்பியை ஐயுறுக. போனுக்கு மின்னேற்ற மட்டுமே உதவி, செய்தி கடத்தாத கம்பிகள் பல உண்டு. நான் அரைநாள் இழந்தது இதனால்தான்.

ஏற்றியபின், போனிலுள்ள வைஃபை பட்டியலில் பலகையின் பெயர் தோன்றும். அதில் இணைந்து 4.3.2.1 என்னும் முகவரியைத் திறந்தால் கட்டளைப் பக்கம் வரும். விளக்குகளின் தொகை, நாடாவின் வகை, செய்திக் கம்பி செருகியுள்ள முனையின் எண் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். சிவப்பைத் தொட்டால் பச்சை எரிகிறதா? அஞ்ச வேண்டாம், நிறவரிசையை மாற்றினால் சரியாகும். பல்கலைக்கழக வைஃபையில் இதைச் சேர்க்க முயன்று பொழுதைக் கழிக்காதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையன்றி வேறொன்றும் இப்பலகைக்குத் தெரியாது. பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் நுழைவுப் பக்கத்தையும் அதனால் நிரப்ப இயலாது. அதன் சொந்த வைஃபையே விழாவுக்குப் போதும். ஆனால் பலகையோடு வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றிவிடுங்கள். இல்லையேல் அடுத்த அறை நண்பர் நம் விளக்கை ஆட்டிவைப்பார்.

இதுவரை கூறியது மாலையொன்றில் முடியும் வேலை. நாம் சறுக்கியது வேறிடத்தில்.

"ஐந்து வோல்ட்தானே, என்ன செய்துவிடும்?" என்று எண்ணினோம். கணக்கைப் பாருங்கள். ஒரு விளக்கு முழு வெண்மையில் எரிய ஏறக்குறைய 60 மில்லி ஆம்பியர் கொள்ளும். மீட்டருக்கு 60 விளக்குகள் வீதம் ஐந்து மீட்டர் நாடாவில் 300 விளக்குகள். ஆகவே 18 ஆம்பியர், 90 வாட். இதே 90 வாட் 230 வோல்ட்டில் எரிந்தால் அரை ஆம்பியர்கூட ஆகாது. அழுத்தம் குறையக் குறைய ஓட்டம் மிகும். கம்பியில் எழும் வெப்பமோ ஓட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. ஓட்டம் இருமடங்கானால் வெப்பம் நான்மடங்கு. ஐந்து வோல்ட் கையைத் தாக்காது, மெய்தான். ஆனால் மெல்லிய கம்பியையும் தளர்ந்த முறுக்கையும் அது சுட்டுவிடும். அன்று கருகியது அத்தகைய முறுக்குத்தான்.

கடைசியில் சிவந்ததன் காரணமும் இதுவே. நாடாவிலுள்ள செம்புத் தகடு மிக மெல்லியது. போகப்போக அழுத்தம் குறைகிறது. நீலமும் பச்சையும் எரிய மூன்று வோல்ட்டளவு வேண்டும். சிவப்புக்கு இரண்டு வோல்ட்டளவே போதும். ஆகவே முதலில் நீலம் தளர்கிறது, சிவப்பு நின்று எரிகிறது. இதற்கு மருந்து, மின்வழங்கியிலிருந்து தடித்த கம்பிகளை நாடாவின் இரு முனைகளுக்கும் கொண்டு செல்வது. போன் சார்ஜரில் ஐந்து மீட்டரை ஓட்ட எண்ணாதீர்கள். நாடாவின் மின்னோட்டத்தைச் சிறு பலகையின் வழியாகவும் செலுத்தலாகாது.

மென்பொருளில் மின்னோட்ட வரம்பு ஒன்று உண்டு. 10 ஆம்பியர் மின்வழங்கியானால் 8 ஆம்பியர் என்று குறித்துவிட்டால், அதற்கு மேல் போகாமல் ஒளியைத் தானே குறைக்கும். வண்ணக் கோலங்களுக்கு இது தாராளம். எனினும் அது மின்னோட்டத்தை அளப்பதில்லை; நிறங்களைக் கூட்டி மதிப்பிடுகிறது. ஓரிடத்தில் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டால் அதற்குத் தெரியாது. ஆகவே மின்வழங்கியிலிருந்து செல்லும் ஒவ்வொரு நேர்மின் கம்பியிலும் ஃபியூஸ் வேண்டும்.

செய்திக் கம்பியைப் பற்றிச் சில சொற்கள். பலகையின் கிரவுண்டும் நாடாவின் கிரவுண்டும் இணைந்தே இருக்க வேண்டும். இணையாவிட்டால் விளக்குகள் பேய் பிடித்ததுபோல் ஆடும். பலகை தரும் செய்தி 3.3 வோல்ட். ஐந்து வோல்ட்டில் ஓடும் சில்லு எதிர்பார்ப்பதோ 3.5. பல நாடாக்கள் இக்குறையைப் பொறுத்துக்கொள்ளும். விழா மேடையில் அதை நம்பலாகாது. இடையே 74ஏ.ஹெச்.சி.டி. 125 என்னும் சில்லை வைத்தால் செய்தி ஐந்து வோல்ட்டுக்கு உயரும். அதற்கும் நாடாவுக்கும் இடையே 330 ஓம் மின்தடையும், நாடாவின் மின்வாயிலில் 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கியும் இருப்பது நன்று. மின்தேக்கியின் கூட்டல் கழித்தல் முனைகளை மாற்றிவிடாதீர்கள்.

சந்தையில் விற்கும் இரும்புப் பெட்டி மின்வழங்கிகளில் 230 வோல்ட் திருகுகள் வெளியே தெரியும்படி இருக்கின்றன. சிலவற்றில் 110, 220 என்று ஒரு மாற்றுவிசையும் இருக்கும்; அது 220-இல் நிற்கிறதா என்று நோக்குக. எர்த் கம்பியை விடாது பூட்டி, திருகுகளை மூடி, காற்றோட்டமுள்ள இடத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் பெட்டியை வைக்க வேண்டும். கோலமிடும் ஈரத்தரைக்கு அருகே வேண்டவே வேண்டாம்.

விழாவுக்கு முதல்நாள் மாலையே நாடாவைக் கட்டி, வரம்பைக் குறித்தபின், முழு வெண்மையில் ஒரு மணி நேரம் எரியவிட எண்ணியிருக்கிறேன். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும். சுடும் இணைப்பை அறுத்து மீண்டும் பற்றவைப்போம். பற்றாசுக்கோல் என்னிடம் இருக்கிறது. கைகொடுக்க இருவர் வந்தால் போதும்.