குழந்தையின் தலையை அளந்தீர்களா?

ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கிப்போகிறோம். எடை பார்த்து, ஊசி போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த முறை செவிலியரிடம் தலைச்சுற்றளவையும் டேப் வைத்து அளந்து அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பிறக்கும்போது ஏறக்குறைய 35 செ.மீ. இருக்கும் தலை, முதல் மூன்று மாதங்களில் மாதம் 2 செ.மீ. அளவுக்கு வளரும், பிறகு வேகம் குறையும். இந்தக் கணக்கை மீறித் தலை பெருத்தாலோ, உச்சிக்குழி புடைத்து நின்றாலோ, கருவிழி கீழே சரிந்து மேலே வெள்ளை தெரிந்தாலோ தாமதிக்கக் கூடாது. உச்சிக்குழி மூடாத குழந்தைக்கு அதன் வழியாகவே அல்ட்ராசவுண்ட் எடுத்துப் பார்த்துவிடலாம்.

பெரியவர்களின் மூளைக்குள் தினமும் அரை லிட்டர் அளவுக்கு நீர் சுரந்து, அதே அளவு ரத்தத்தில் கலந்து வடிகிறது. வடியும் வழி அடைபட்டால் நீர் தேங்கி மூளையை நெருக்கும். இதுதான் ஹைட்ரோசெஃபாலஸ் என்னும் நீர்த்தலை. குளிரில் சளி பிடித்து வரும் நீர்க்கோவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நெற்றியில் பற்றுப் போட்டுக் காத்திருந்தால் நாள்தான் வீணாகும்.

பிறவிக் கோளாறு, குறைமாதக் குழந்தைக்கு மூளையில் ஏற்படும் ரத்தக்கசிவு, கட்டி, தலைக்காயம் எனக் காரணங்கள் பல. நம் நாட்டில் மறக்கக்கூடாதது காசநோய் மூளைக்காய்ச்சல். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இந்த நோயாளிகளை நெடுநாள் பின்தொடர்ந்து 1991-ல் முடிவை வெளியிட்டார்கள். இதனால் தேங்கிய நீரை வடிக்க, நினைவு தெளிவாக இருந்தபோதே அறுவை செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் பிழைத்தார்கள். ஆழ்ந்த மயக்கத்துக்குப் போனபின் வந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. வாரக்கணக்கில் காய்ச்சல், தலைவலி, வாந்தி என்று தேயிலைத் தோட்ட லயன் வீட்டில் படுத்திருப்பவருக்கு எஸ்டேட் டிஸ்பென்சரி மாத்திரை மட்டும் போதாது.

சிகிச்சை இரண்டு வகை. மூளையிலிருந்து வயிற்றுக்குத் தோலுக்கடியில் மெல்லிய குழாய் விட்டு நீரை வடிப்பது ஷன்ட். உத்தரப் பிரதேசத்தின் ஷாஜகான்பூரில் தயாராகும் சாப்ரா ஷன்ட் விலை குறைவு. உகாண்டாவில் அதை விலை உயர்ந்த அமெரிக்க ஷன்ட்டுடன் ஒப்பிட்டபோது, ஓராண்டில் பலன் வேறுபடவில்லை என்று 2005-ல் வெளியான ஆய்வு சொன்னது. 'மட்டமானதை வைத்துவிட்டார்களோ' என்று யாரும் மருக வேண்டாம். மற்றொன்று, எண்டோஸ்கோப் செலுத்தி மூளைக்குள்ளேயே மாற்றுவழி திறப்பது. அதில் குழாய் கிடையாது. ஆனால் எல்லாருக்கும் பொருந்தாது.

ஷன்ட் வைத்தால் கதை முடிந்தது என்று நினைப்பதுதான் ஆபத்து. அது எப்போது வேண்டுமானாலும் அடைபடலாம், கிருமி தொற்றலாம். தலைவலியோடு வாந்தி, ஓயாத தூக்கம், காய்ச்சல் என்றால் அன்றைக்கே மலையிலிருந்து கீழே இறங்க வேண்டும். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. ஆனாலும் மூளை அறுவைக்கு நமக்குப் பெரும்பாலும் கோவைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூர்ப் பாதையில் மண் சரிந்தால் கோத்தகிரி வழியாகப் போக வேண்டியிருக்கும். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

முதியவர்களுக்கு இது வேறு வேடத்தில் வரும். கால் தரையில் ஒட்டியதுபோல் நடை, அடக்க முடியாத சிறுநீர், மறதி. 'வயசாயிடுச்சு' என்று மூலையில் உட்கார வைத்துவிடுகிறோம். அவர்களில் சிலர் ஷன்ட் வைத்தபின் நன்றாக நடக்கிறார்கள். ஒரு ஸ்கேனாவது எடுத்துப் பாருங்கள்.

செலவைப் பற்றி: முதல்வரின் விரிவான காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. கணவனும் மனைவியும் கொழுந்து பறித்தாலே இந்த வரம்பு இடிக்கும்; அதை உயர்த்தியே ஆக வேண்டும். தோட்டத் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ வசதி செய்துதருவது நிர்வாகத்தின் கடமை என்று 1951-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அது நீடிக்கிறது. கேட்டுப் பெறுங்கள்.

எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சைக் குறிப்புகளின் நகலைத் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான விதி. எந்த ஷன்ட், எந்தத் தேதி, கடைசி ஸ்கேன் எது என்ற விவரங்களை ஒரே பையில் போட்டு வையுங்கள். 108 வந்ததும் அந்தப் பையையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.